தாத்தாவின் எட்டு விநாடி... பழைய சிடியிலிருந்து குரலை மீட்ட காஞ்சிபுரத்துக் குடும்பம்!

ஒரு பெரிய குரலைத் தொலைத்த ஊர் காஞ்சிபுரம். 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்த காஞ்சிபுரம் நயினா பிள்ளை, லயத்தில் புலி என்று பெயர் வாங்கிய பாடகர். பக்கவாத்தியக்காரர்கள் மேடையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவருடைய கச்சேரிகளை ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே ரசிகர்கள் சொல்வார்கள். கிராமபோன் தட்டுகள் வந்துவிட்ட காலம்தான் அது. ஆனாலும் அவர் ஒரு தட்டுக்கும் பாடவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, டி.பிருந்தா என்று அவரிடம் பாடம் கேட்டவர்களின் பாட்டைக் கேட்டு, ‘இப்படித்தான் பாடியிருப்பாரோ’ என்று நினைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

நயினா பிள்ளை விஷயத்தில் பதிவே கிடையாது. இன்று பல வீடுகளில் கதை வேறு. பதிவு இருக்கிறது, பீரோவில் பத்திரமாகவும் இருக்கிறது. ஆனால், அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பிரதி எடுக்கப் பார்த்தால் ‘எரர்’ என்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அந்த நெசவுக் குடும்பத்துக்கும் அதுதான் நடந்தது. ‘பேரெல்லாம் போட வேணாம்’ என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆயா இருக்கிறார். அவருடைய மகன் தறியில் உட்காருகிறார். பேரன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். 2011-ல் காலமான தாத்தா, நெசவாளியாகவும் தெருவின் மார்கழி பஜனை கோஷ்டிக்கு முன்னணிப் பாடகராகவும் இருந்தவர். விடியற்காலை நாலரை மணிக்கு ஹார்மோனியப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் வர, இவர் விருத்தம் எடுத்தால் தெருவே எழுந்துகொள்ளும் என்று இன்னமும் சொல்கிறார்கள்.

ஒரு வருடம் அந்த பஜனையை யாரோ டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தார்கள். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும், 2005-ல் ஊரிலிருந்த ரெக்கார்டிங் கடை ஒன்றில் கொடுத்து சிடியாக மாற்றிக்கொண்டார்கள். இந்தக் கடைகளை நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நோட்டுப் பேப்பரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ‘அறுபது நிமிஷ கேசட்ல அடக்கிடுங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு வந்த கடைகள்தான். 2000-க்குப் பிறகு அதே கடைகளில் கம்ப்யூட்டரும் சிடி ரைட்டரும் வந்து உட்கார்ந்தன. கேசட் பிறகு டெக்கில் சிக்கி நாசமாகிப்போனது. மிச்சமிருப்பது அந்த ஒரே சிடிதான்.

போன மார்கழியில் ஆயா கேட்டிருக்கிறார். “அந்தத் தட்ட போன்ல ஏத்தித் தரியாப்பா? நாலாவது பாட்டுக்கு முன்னாடி உங்க தாத்தா பேசுவாரு. பாட்டு யாரு வேணும்னாலும் பாடுவாங்க. அவரு பேசுறது அதுல மட்டுந்தான் இருக்குது.”

தாத்தா காலத்தில் அந்த வீட்டில் வீடியோ எடுக்கும் போன் கிடையாது. கல்யாண ஆல்பத்தில் படம் உண்டு. பேச்சு என்று பார்த்தால், ஹார்மோனியக்காரப் பையனை அவர் அதட்டும் எட்டு விநாடிதான்.

44 பைட்டில் என்ன இருக்கும்?

பேரனின் லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. இப்போது வரும் லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் கிடையாது. நண்பரிடம் யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கிவந்தார். தட்டைப் போட்டதும் ஒன்பது ஃபைல்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் ‘காப்பி’ செய்து டெஸ்க்டாப்பில் ‘பேஸ்ட்’ செய்தார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சந்தோஷத்தில் சேலத்து அத்தைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ‘ஒண்ணுமே திறக்க மாட்டேங்குதுடா’ என்று அத்தை திருப்பி அனுப்பினார்.

ஆடியோ சிடியை முதன்முதலாகப் பிரதி எடுக்கும் எல்லோரும் விழும் குழி இது. அந்தத் தட்டில் ஃபைல் என்று எதுவுமே கிடையாது. சோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து 1980-ல் ஆடியோ சிடிக்கான விதிமுறைகளை வகுத்தபோது, அதைக் கம்ப்யூட்டரில் போடுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது பாட்டுப் பெட்டிக்கான தட்டு. பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற ஒரு பொருளடக்கமும், அதன் பிறகு இடைவிடாத ஒலியும்தான் அதில் உண்டு. விண்டோஸ் நம் வசதிக்காக ஒவ்வொரு பாட்டுக்கும் ‘சிடிஏ’ என்று முடியும் ஒரு பெயரைக் காட்டுகிறது. அதன் அளவு வெறும் 44 பைட். கதவில் ஒட்டிய வீட்டு எண் மாதிரி. எண்ணைப் பெயர்த்துக்கொண்டு போய் சேலத்தில் ஒட்டினால் வீடு போய்ச் சேராது.

பாட்டை எடுக்க ‘ரிப்’ செய்ய வேண்டும். அதாவது தட்டிலிருக்கும் ஒலியை ஒரு மென்பொருள் படித்துப் படித்து வேவ், ஃபிளாக், எம்பி3 என்று ஏதாவது ஒரு ஃபைலாக எழுத வேண்டும். பேரன் அதையும் செய்தார். மூன்று பாட்டுகள் ஒழுங்காக வந்தன. நாலாவதில் டிரைவ் முனகியது, நின்றது, பிறகு டிரைவே திரையிலிருந்து காணாமல் போனது.

பாடுகிறது, ஆனால் வர மாட்டேன் என்கிறது

ஆயாவின் அறையில் பழைய சிடி பிளேயர் ஒன்று இருக்கிறது. அதில் போட்டால் அதே தட்டு பாடுகிறது. நாலாவது பாட்டின் ஆரம்பத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம், தாத்தா பேச்சில் லேசான கரகரப்பு, அவ்வளவுதான். பேரனுக்கு இதுதான் புரியவில்லை. அவருடைய அப்பாவோ வேறு மாதிரி கேட்டார்.

“அட்டைக்கட்டுல ஒரு அட்டை கிழிஞ்சா, பொடவையில அந்த எடம் பளிச்சுனு காட்டிக்கொடுத்துடும். இதுல அடிபட்டிருக்குதுன்ற, ஆனா பாடுது. எப்பிடிடா?”

தறிக்காரரின் கேள்வி சரியான கேள்வி. ஜக்கார்டு பெட்டி வைத்த தறியைப் பார்த்தவர்களுக்கு சிடியைப் புரிந்துகொள்வது சுலபம். 1804-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய யோசனைதான் இன்றும் காஞ்சிபுரத்தில் புட்டாவையும் முந்தானையையும் போட்டுக்கொண்டிருக்கிறது. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்பும், ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. சிடியிலும் இரண்டே நிலைதான். உள் வட்டத்தில் தொடங்கி வெளியே சுருண்டு செல்லும் ஒரே கோடு, பிரித்து நீட்டினால் சுமார் 5 கிலோமீட்டர் வரும். கம்பெனி அச்சடித்த தட்டில் அந்தக் கோடு முழுக்க நுண்ணிய பள்ளங்கள். கடையில் எழுதிக் கொடுத்த தட்டில் பள்ளம் கிடையாது. சாயப் பூச்சு ஒன்றை லேசர் சுட்டுவைத்த புள்ளிகள்தான் உண்டு. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாக எண்ணாக்கி எழுதிவைப்பார்கள்.

தறி அட்டையிலிருந்து சிடி விலகிப்போகும் இடமும் ஒன்று உண்டு. சிடியில் எண்களை வந்த வரிசைப்படியே எழுதுவதில்லை. அடுத்தடுத்து வரவேண்டியவற்றைப் பிரித்து, தள்ளித் தள்ளி, வேறு எண்களுடன் கலந்து எழுதுவார்கள். கூடவே சரிபார்ப்பு எண்களும் உண்டு. கோட்டின் ஒரு இடத்தில் கீறல் விழுந்தால், பல இடங்களிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம்தான் போகும். மிச்சத்தை வைத்து, போனதைக் கணக்குப்போட்டுத் திரும்ப எடுத்துவிடலாம். கோட்டின் போக்கிலேயே சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தால்கூட ஒரு எண்ணும் பிசகாமல் மீட்க முடியும்.

அதற்கும் மேல் அடிபட்டால் பிளேயர் ஊகிக்கும். முன்னால் இருக்கும் எண்ணையும் பின்னால் இருக்கும் எண்ணையும் பார்த்து நடுவில் ஒன்றைப் போட்டுக்கொள்ளும். காதுக்குத் தெரியாது. அதுவும் முடியாவிட்டால் ஒரு கணம் சத்தத்தை அடக்கிவிடும். பிளேயரின் வேலை பாட்டு நிற்காமல் ஓடுவது. ஓடினால் போதும், தப்பை மறைத்துவிடும். பிரதி எடுக்க வந்தவருக்கோ மறைக்காமல் சொன்னால்தான் உபயோகம்.

இதே தட்டில் எம்பி3 ஃபைல்களாக எழுதியிருந்தால் பிரச்னை வேறு மாதிரி இருந்திருக்கும். சிடியில் ஒரு விநாடிக்கு 75 துண்டுகள், ஒவ்வொன்றிலும் 2,352 பைட். ஃபைல்கள் எழுதும் தட்டில் அதில் 2,048 மட்டும்தான் சரக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி இன்னொரு அடுக்கு சரிபார்ப்புக்கும், ‘இது இத்தனையாவது துண்டு’ என்ற முகவரிக்கும் போய்விடும். ஆடியோ தட்டில் 2,352-ம் ஒலியே. இரண்டாவது காவல் கிடையாது. துல்லியமான முகவரியும் கிடையாது. ‘நாலாவது பாட்டின் பத்தாவது விநாடிக்குப் போ’ என்றால் டிரைவ் கொஞ்சம் முன்னே பின்னேதான் போய் இறங்கும். நின்று நின்று படிக்கும்போது ஒட்டுப் போட்ட இடங்களில் ‘டிக்’ ‘டிக்’ என்று கேட்பது இதனால்தான்.

எங்கே கோளாறு?

இந்த மாதிரி எரர் வந்தால் நம் ஆட்கள் முதலில் தட்டைத்தான் திட்டுவார்கள். பேரனுக்கு நடந்ததில் முதல் குற்றவாளி தட்டே கிடையாது. டிரைவை அவர் நாலு துளை கொண்ட ஒரு யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தார். அதிலேயே மவுஸ், போன் சார்ஜர் எல்லாம். கஷ்டமான இடத்தைப் படிக்க மோட்டாரும் லேசரும் திணறும்போது மின்சாரம் போதாமல் டிரைவ் மயங்கி விழுந்திருக்கிறது. லேப்டாப்பில் நேராகச் செருகியதும் காணாமல் போவது நின்றது. பாட்டு மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை.

அடுத்தது சுத்தம். பட்டு ஊரில் கைக்கெட்டிய துணி பட்டாகத்தான் இருக்கும். ஒரு ஜரிகை இழை போதும், புதுக்கோடு போட்டுவிடும். ஆயாதான் தாத்தாவின் பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். துடைக்கும் திசை முக்கியம். கிராமபோன் தட்டைத் துடைப்பதுபோல வட்டமாகத் துடைக்கவே கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். காரணம் மேலே சொன்ன கணக்குதான். குறுக்கே விழும் கீறல் கோட்டைச் சட்டென்று தாண்டிப் போய்விடும், மீட்டுவிடலாம். வட்டமாக விழும் கீறல் கோட்டோடு சேர்ந்தே ஓடி, 2.5 மில்லிமீட்டர் எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். எண்ணெய்க் கறை இருந்தால் லேசான சோப்புத் தண்ணீர் போதும். பற்பசை தேய்க்கும் வைத்தியத்தை ஒரே ஒரு பிரதி இருக்கும் தட்டில் தயவுசெய்து சோதிக்க வேண்டாம்.

துடைத்த பிறகு கீழ்ப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. எரர் அதே இடத்தில், அதே அளவு வந்தது. பிறகுதான் பேரன் தட்டை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஊசி முனையளவு வெளிச்சப் பொட்டுகள், ஒன்றன் பின் ஒன்றாக, வளைந்து வளைந்து. திருப்பிப் பார்த்தால் அந்த வளைவு ஒரு எழுத்து. 2005-ல் தட்டு வீட்டுக்கு வந்த அன்றே, தொலைந்துபோகக் கூடாது என்று அப்பா அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்: ‘அப்பா பஜனை’.

சிடியின் கீழ்ப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திப் பாதுகாப்பார்கள். அந்தப் பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. லேசர் அதைத் தாண்டித்தான் உள்ளே பார்க்கிறது. பதிவு இருக்கும் பளபளப்புப் படலமோ மேல்பக்கத்தில், லேபிளுக்கு அடியில், மெல்லிய வார்னிஷ் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அங்கே பேனாவை அழுத்தினால் நேராகப் பாட்டின் மேலேயே எழுதியதுபோல. ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலும் படலம் சேர்ந்து வந்துவிடும். கீழ்ப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. மேல்படலம் உதிர்ந்தால் போனது போனதுதான்.

அப்பா அன்று முழுக்கத் தறிப்பக்கமே இருந்தார் என்று ஆயா சொன்னார். “எங்கப்பான்னு ஆசையா எழுதுனான். அவனுக்கு இன்னா தெரியும்?”

82 தடவை

மிச்சமிருந்த வழி பொறுமை. ஜெர்மனியின் ஆண்ட்ரே வீட்டாஃப் 1998-ல் வெளியிட்ட ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற மென்பொருள் இன்றும் இதற்குப் பேர்போனது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். லினக்ஸில் இதே வேலைக்கு ‘சிடி பாரனாய்யா’ உண்டு. பெயரே ‘சந்தேகப் பிராணி’ என்பதுதான். இவை டிரைவ் சொல்வதை ஒரே தடவையில் நம்பாது.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் பாதுகாப்பு முறையில் ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு தடவை படிக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்ததற்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் 16 தடவை படித்துப் பார்க்கும். அதில் 8 ஒரே மாதிரி இருந்தால் ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் இன்னொரு 16. இப்படி ஒரு துண்டை அதிகபட்சம் 82 தடவை படிக்கும். அப்படியும் தேறாவிட்டால், கடைசியில் படித்ததை வைத்துக்கொண்டு, ‘இந்த இடம் சந்தேகம்’ என்று நேரத்துடன் குறித்துக் கொடுத்துவிடும். பிளேயர் மறைத்த இடமெல்லாம் இங்கே பட்டியலாக வரும்.

முதல் பட்டியலில் எட்டு விநாடியும் சந்தேகம் என்று வந்தது. அந்த எட்டு விநாடிக்கு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. போட்டுக் கேட்டால், தாத்தா தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது மாதிரி இருந்தது.

இங்கே பலர் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. ஒரே தட்டை எல்லா டிரைவும் ஒரே மாதிரி படிப்பதில்லை. லேசரின் பலம், லென்ஸில் படிந்த தூசு, உள்ளே இருக்கும் சிப்பின் சாமர்த்தியம் எல்லாம் மாறும். பேரனின் மாமா ஒருவர் மூங்கில் மண்டபம் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்து மூடியவர். அவர் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து கம்ப்யூட்டர் ஒன்று, சிடி ரைட்டரோடு தூங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் துடைத்து உயிர்கொடுத்தார்கள். வேகத்தை 4 மடங்காகக் குறைத்தார்கள். டிரைவ் பெட்டியில் 48, 52 என்று பெருமையாகப் போட்டிருக்கும் வேகத்தில் அடிபட்ட தட்டு அதிரும், லேசர் தடம் தவறும். மெதுவாகச் சுற்றினால் நிதானமாகப் படிக்கும்.

இரண்டு மணி நேரம் ஆனது. பட்டியலில் சந்தேக இடங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு விநாடிகூட இல்லை.

சினிமாப் பாட்டு சிடியாக இருந்தால் இந்த இடத்தில் இன்னொரு வசதி உண்டு. ‘அக்யூரேட் ரிப்’ என்ற தகவல் தொகுப்பில், உலகத்தில் அதே சிடியைப் பிரதி எடுத்த மற்றவர்களின் கணக்கோடு நம் பிரதியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிள்ளையார்பாளையத்து பஜனைக்கு ஒப்பிட யார் இருக்கிறார்கள்? அதனால் மறுபடி ஒருமுறை முழுத் தட்டையும் படித்து, இரண்டு பிரதிகளின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டார்கள். நாலாவதைத் தவிர மற்ற எட்டும் இம்மி பிசகாமல் ஒன்று.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஜால்ரா ஓய்கிறது. யாரோ இருமுகிறார்கள். பிறகு தாத்தா, தெளிவாக, கொஞ்சம் கோபமாக: “டேய்...” அடுத்த சொல் நொறுங்கிப்போயிருக்கிறது. தொடர்ந்து, “...சுதிய ஏத்துடா, தூங்காத!” அதன் பின் விருத்தம்.

நொறுங்கியது பெயர். அந்த வருடம் ஹார்மோனியம் போட்டது யார்? அப்பா, ‘நான்தான்’ என்கிறார். ‘நீ எங்க அன்னைக்கு எழுந்த, அவன்தான் போனான்’ என்று ஆயா சித்தப்பாவைச் சொல்கிறார். சித்தப்பாவுக்கு போன் போட்டால் அவரும் தன்னைத்தான் என்கிறார். திட்டு வாங்கியதற்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடிப் பார்ப்பது அபூர்வம்.

பேரனின் தங்கை, “ஏஐ வெச்சு அந்தப் பேரை நிரப்பிடலாம். ரெண்டு பேரையும் ரெண்டு ஃபைலா போட்டுக் கொடுத்துடலாமே” என்று சொல்லிப் பார்த்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “தொலஞ்ச அட்டைக்கு நம்மளா ஓட்டை குத்துனா அது வேற டிசைனும்மா. அப்பா பேசுனது எது, நீ போட்டது எதுன்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்?” ஒரு விநாடிக்கும் குறைவான அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கிறது.

ஃபிளாக் ஃபைலாகச் சேமித்திருக்கிறார்கள். எம்பி3 மாதிரி ஒலியில் எதையும் வெட்டாமல், இடத்தை மட்டும் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் வகை அது. போனில் கேட்க எம்பி3 தனியாக. வீட்டு லேப்டாப்பில் ஒன்று, சேலத்து அத்தையிடம் பென் டிரைவில் ஒன்று, ஆன்லைன் சேமிப்பில் ஒன்று என்று மூன்று பிரதிகள் இருக்கின்றன. இந்த முறை அத்தைக்குத் திறந்தது.

ஆயாவுக்கு போன் சரிப்படவில்லை. பழைய பிளேயரிலேயே கேட்க வேண்டும் என்றார். எழுதுவதிலும் ஒரு சுற்று எரர் வந்தது. முதல் தட்டில் ஃபைலாகவே எழுதிவிட்டார்கள், பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்றது. ‘ஆடியோ சிடி’ என்று தேர்ந்தெடுத்துத்தான் எழுத வேண்டும். அழித்து எழுதும் ரகத் தட்டைப் பழைய பிளேயர்கள் பல மதிப்பதில்லை, அது வெளிச்சத்தைக் குறைவாகத்தான் திருப்பும். சாதாரணத் தட்டு வாங்கி, குறைந்த வேகத்தில், ஒரே மூச்சில் எழுதும் முறையில் எழுதினார்கள். பாடியது. தட்டு கிடைப்பதே இப்போது தேடல்தான். ஒரு காலத்தில் இந்தியாவின் பெரிய சிடி தயாரிப்பாளராக இருந்த மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. மேல்பக்கம் இந்த முறை யாரும் எழுதவில்லை. உறையின் மேல் எழுதியிருக்கிறார்கள்.

கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு சிடிகளும் உங்கள் வீட்டில் இருக்கலாம். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் கொடுக்கிறது. பிரதி போட்டு விற்பதற்கும் ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கும் அதில் இடமில்லை. ஆனால் அவசரம் அந்தத் தட்டுகளுக்கு இல்லை. சினிமாப் பாட்டு எங்காவது கிடைத்துவிடும், அச்சடித்த தட்டும் நாள்படத் தாங்கும். கடையில் எழுதிக் கொடுத்த தட்டின் சாயத்துக்குத்தான் வெயிலும் சூடும் ஈரமும் எதிரி. நாற்பது டிகிரியைத் தொடும் காஞ்சிபுரத்து மே மாதத்தை, ஓட்டு வீட்டுப் பரணில், இருபது வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது அது. காதுகுத்து, கல்யாணம், பாட்டியின் தாலாட்டு என்று பேனாவால் எழுதிவைத்த தட்டு எதுவோ, அதை முதலில் எடுங்கள்.

பிள்ளையார்பாளையத்து வீட்டின் பெட்டியில் இன்னும் பதினொரு தட்டுகள் இருக்கின்றன. அடுத்து எடுத்தது அத்தை கல்யாண நாதஸ்வரம். போட்டதும் ‘வெற்றுத் தட்டு’ என்றது கம்ப்யூட்டர். சாய்த்துப் பார்த்தால் கீழ்ப்பக்கத்தில் உள்ளிருந்து முக்கால் பங்கு வரைக்கும் நிறம் மாறியிருக்கிறது. எழுதியிருக்கிறார்கள், எழுதி முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்து மூடாமல் விட்டிருக்கிறார்கள். இந்த மாதிரித் தட்டைச் சாதாரண டிரைவ் கண்டுகொள்ளாது, சிடி ரைட்டர் சில சமயம் கண்டுகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லை. மாமாவிடம் பரணை மூட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறார் பேரன்.